2.6 கிராம் பழுப்புப் பசை: ஒரு சுசுகி வினைக்குப் பிந்தைய துப்புரவு

கணக்குப்படி கிடைக்க வேண்டியது 1.85 கிராம். குடுவையில் இருந்தது 2.6 கிராம். நூற்று நாற்பது சதவீத விளைச்சல்! வேதியியல் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட மாட்டார்கள். மிச்சம் முக்கால் கிராம் என்ன குப்பை என்றுதான் கேட்பார்கள். முக்கால் என்பதும் குறைந்தபட்சக் கணக்குதான். வினை முழுதாக நடந்திருக்காவிட்டால் குப்பை அதற்கும் மேலே. பழுப்பு நிறம், தேன் பதம், மூடியைத் திறந்ததும் லேசான சோம்பு வாடை.

காரைக்குடியில் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, எம்.எஸ்சி. மாணவி ஒருத்தியின் திட்டப்பணியில் வந்த சிக்கல் இது. செய்தது சுசுகி இணைப்பு. பல்லேடியத்தை வினையூக்கியாக வைத்துக் கார்பனோடு கார்பனைக் கோக்கும் முறைகளுக்காக 2010-இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்களே, அதில் போரானிக் அமிலத்தை வைத்துச் செய்யும் முறை. இன்று முதுகலை ஆய்வகங்களில்கூட சாதாரணமாகச் செய்கிறார்கள். வினை நடந்துவிடும். நடந்த பிறகு குடுவைக்குள் இருப்பதைச் சுத்தம் செய்வதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவள் போட்ட அளவுகள்: 3-புரோமோபிரிடின் 1.58 கிராம், அதாவது 10 மில்லிமோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு). 4-மெத்தாக்சிஃபீனைல்போரானிக் அமிலம் 1.82 கிராம், 12 மில்லிமோல். டெட்ராகிஸ்(டிரைஃபீனைல்பாஸ்பீன்)பல்லேடியம் 347 மில்லிகிராம், 3 மோல் சதவீதம். பொட்டாசியம் கார்பனேட் 4.15 கிராம். டையாக்சேன் 40 மி.லி., தண்ணீர் 10 மி.லி. நைட்ரஜன் சூழலில் 90 டிகிரியில் இரவு முழுக்க. முதல் இரண்டும் இணைந்து வர வேண்டிய பொருள் 3-(4-மெத்தாக்சிஃபீனைல்)பிரிடின். சுத்தமாக இருந்தால் வெள்ளைத் திண்மம், 60 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும்.

"மேடம், காலம் போட்டும் பிரியல. எல்லா ட்யூப்லயும் ரெண்டு புள்ளி, நடுவுல இழுவை."

"காலத்த விடும்மா. உள்ள என்னென்ன கெடக்குன்னு முதல்ல எழுது."

சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகக் கரைசலை இறக்கிப் பிரிப்பதைத்தான் ஆய்வகத்தில் 'காலம் போடுவது' என்போம். நம் பிள்ளைகளுக்கு அதன்மேல் அலாதி நம்பிக்கை. எது வந்தாலும் காலம். என் அபிப்பிராயம் நேர் எதிர். குடுவைக்குள் அமிலம் எது, காரம் எது, இரண்டும் இல்லாதது எது என்று தெரிந்தால், முக்கால்வாசி வேலையைப் பிரிபுனலே, அதாவது ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைக் குலுக்கித் தனித்தனியே இறக்கும் புனலே, முடித்துவிடும்.

குப்பைக் கணக்கு

தராசைத் தொடாமல் தாளில் போட்ட கணக்கு இது.

வினையூக்கியின் ஒவ்வொரு பல்லேடிய அணுவும் நான்கு டிரைஃபீனைல்பாஸ்பீன்களோடு வருகிறது. 0.3 மில்லிமோல் வினையூக்கி என்றால் 1.2 மில்லிமோல் பாஸ்பீன். அத்தனையும் காற்றுப்பட்டு ஆக்சைடானால் 334 மில்லிகிராம் டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு. வெறும் '3 சதவீதம்' என்று காகிதத்தில் எழுதியது, பொருளின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான குப்பையாக வந்து நிற்கிறது. இதை யாரும் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பதில்லை.

மிகையாகப் போட்ட போரானிக் அமிலம் 2 மில்லிமோல்: சுமார் 300 மில்லிகிராம். இது அப்படியே இருக்காது. கொஞ்சம் போரானை உதறிவிட்டு அனிசோல் ஆகும். அந்தச் சோம்பு வாடை அதுதான். கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து 4-மெத்தாக்சிஃபீனால் ஆகும். கொஞ்சம் தன்னோடு தானே இணைந்து 4,4'-டைமெத்தாக்சிபைஃபீனைல் ஆகும்.

பல்லேடியம் 0.3 மில்லிமோல், 32 மில்லிகிராம். கேட்கச் சின்னதாகத் தெரியும். அத்தனையும் 1.85 கிராம் பொருளோடு ஒட்டிக்கொண்டால் 17,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 17,000 பங்கு. மருந்துப் பொருள்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலில், வாய்வழி மருந்து மூலம் ஒருவர் உடலுக்குள் போகலாம் என்று அனுமதித்திருக்கும் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். தினமும் 10 கிராம் மருந்து சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் 10 பிபிஎம்.

இதோடு டையாக்சேன். 101 டிகிரியில் கொதிப்பது, ரோட்டாவில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) லேசில் விலகாது. தண்ணீரோடும் கலக்கும், எத்தில் அசிட்டேட்டோடும் கலக்கும்.

திட்டப்பணிக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். இந்தப் பொருளையும் இதன் உறவுக்காரப் பொருள்களையும் நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்பி, பாக்டீரியாவை அடக்குகிறதா என்று பார்ப்பதாக இருந்தது. பல்லேடியம் ஒட்டிய மாதிரியை அனுப்பினால், தட்டில் பாக்டீரியா வளராமல் தெரியும் வட்டம் மூலக்கூறுடையதா உலோகத்துடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. பொய்யான நல்ல முடிவு, தோல்வியைவிட மோசம்.

புள்ளிகளை அடையாளம் காண்பது

டிஎல்சி தட்டில், அதாவது கரைப்பான் மேலே ஏறும்போது கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் சிலிக்கா பூசிய தட்டில், பாதிக்குப் பாதி எத்தில் அசிட்டேட், ஹெக்சேன். புற ஊதா விளக்கில் பார்த்தால் மேலே கரைப்பான் கோட்டை ஒட்டி ஒரு புள்ளி, நடுவில் நீண்ட வாலோடு ஒன்று, அந்த வாலுக்குள் ஒளிந்துகொண்டு இன்னொன்று. மேலே இருப்பது டைமெத்தாக்சிபைஃபீனைல், வாலோடு இருப்பது நம் பொருள். பிரிடினின் நைட்ரஜன் சிலிக்காவின் அமிலத் தன்மையில் சிக்கி இழுபடுவதால் வரும் வால் அது. ஓடவிடும் கரைப்பானில் 1 சதவீதம் டிரைஎத்தில் அமீன் சேர்த்ததும் வால் சுருங்கியது, ஒளிந்திருந்த புள்ளி தனியாகத் தெரிந்தது.

அது பாஸ்பீன் ஆக்சைடுதானா? ஊகத்தில் விட வேண்டியதில்லை. சிட்டிகை டிரைஃபீனைல்பாஸ்பீனை எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிறார்களே, அந்த 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விட்டுக் குலுக்கினால் கொஞ்ச நேரத்தில் ஆக்சைடு தயார். அதை நம் கலவைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகவும், கலவையின் மேலேயே இன்னொரு புள்ளியாகவும் வைத்து ஓடவிட்டோம். ஒன்றாகவே ஏறின. (இந்தச் சோதனைக்கு அசிட்டோனை எடுக்காதீர்கள். அசிட்டோனும் பெராக்சைடும் சேர்ந்து வெடிக்கும் பொருளைத் தரக்கூடியவை. சோதனைக் குழாய் அளவில்தானே என்று அலட்சியம் வேண்டாம்.)

மூலக்கூறின் ஹைட்ரஜன்களை, அதாவது புரோட்டான்களை, கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். படம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தோம். அதிலும் தடயங்கள் இருந்தன. பொருளின் மெத்தாக்சி 3.86-இல் கூராக நிற்க, அதன் வலப்பக்கம் 3.71-இல் டையாக்சேன் தலைகாட்டியது. 7.45-இலிருந்து 7.7 வரை புதர் மண்டிக் கிடந்தது. பாஸ்பீன் ஆக்சைடின் பதினைந்து ஹைட்ரஜன்களும் குடியிருக்கும் இடம் அது. பாஸ்பரஸ் என்.எம்.ஆர். எடுக்க வசதி இருந்தால் சந்தேகமே மிஞ்சாது: ஆக்சைடு 29-ஐ ஒட்டி ஒரே கோடு, ஆக்சைடாகாத பாஸ்பீன் என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே −5-ஐ ஒட்டி.

ஆனால் பல்லேடியம் இந்த இரண்டிலும் தெரியாது. தட்டில் புள்ளியாக வராது, புரோட்டான் படத்தில் கோடாக வராது. 'ஒரே புள்ளி, சுத்தமான என்.எம்.ஆர்.' என்று கொண்டுவரும் பிள்ளைகளிடம் பொருளின் நிறத்தைக் கேட்பேன். வெள்ளையாக இருக்க வேண்டியது தேயிலை நிறத்தில் இருந்தால் உலோகம் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக இருந்தாலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

காலம் ஏன் பிளந்தது

அவள் போட்ட காலம் பிரியாமல் போனதற்கு இன்னொரு காரணம் இந்த ஊர் வெயில். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிப்பது. எங்கள் ஆய்வகம் செட்டிநாட்டு வீடு அல்ல. உயரமான கூரையும் வளவும் ஆத்தங்குடிக் கல்லும் கிடையாது. கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறை. மே மாத மதியத்தில் உள்ளேயே 38, 39 காட்டும். மெத்தனால் கலந்த டைகுளோரோமீத்தேனைச் சிலிக்கா மேல் ஊற்றும்போது ஒட்டும் வெப்பம் வேறு சேர்கிறது. கரைப்பான் குழாய்க்குள்ளேயே குமிழ் விட்டு, சிலிக்கா பிளந்து, பிளவு வழியாக எல்லாம் ஒன்றாக இறங்கிவிடும். புத்தகத்தில் எழுதியவர்கள் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

டைஎத்தில் ஈதர் இன்னும் மோசம், 34.6 டிகிரி. நம் மதிய நேரத்தில் அதை பிரிபுனலில் குலுக்குவது சோடா பாட்டிலைக் குலுக்குவதற்குச் சமம். கோடையில் இங்கே 77-இல் கொதிக்கும் எத்தில் அசிட்டேட்டும் 110-இல் கொதிக்கும் டொலுவீனும்தான் தோது.

ரோட்டாவுக்கும் இதே கதை. குளிர்விக்கும் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. மதியம் அது வெந்நீர். ஆவி குளிராமல் நேரே பம்புக்குப் போய்விடும். நீர்த்தாரை பம்பில் வெற்றிடம் எடுப்பவர்களுக்கு இரட்டைத் தண்டனை: 25 டிகிரித் தண்ணீர் 24 மி.மீ. பாதரச அழுத்தம் வரை இறக்கும். 35 டிகிரித் தண்ணீரால் 42-க்குக் கீழே போகவே முடியாது. டையாக்சேன் மிஞ்சியது இதனால்தான். மீன் கடைக்காரர்கள் வாங்கும் ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி, உடைத்து வாளியில் போட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டாரால் அந்தத் தண்ணீரைச் சுழலவிட்டோம். ரோட்டா வேலையை எல்லாம் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது என்றும் முடிவு செய்தோம். மின்வெட்டு நேரத்துக்கும் அது பொருந்தி வந்தது.

பிரிபுனலில்

2.6 கிராம் பசையை 60 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் கரைத்தபோது கரையாத கருப்புத் தூள் அடியில் நின்றது. பல்லேடியம் கருப்பு, அதாவது தூளாகப் பிரிந்த உலோகம். வெறும் வடிதாளில் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். உறிஞ்சு புனலில் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் செலைட் போட்டு, எத்தில் அசிட்டேட்டால் நனைத்து, தட்டி அமுக்கி, அதன் வழியே மெதுவாக வடித்தோம். செலைட் என்பது டயட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆன மண். நுண்துளைகளில் தூள் மாட்டிக்கொள்ளும், கரைசல் ஓடிவிடும். வடித்த பிறகு அந்த அடையை உலரவிடக் கூடாது. நுண்ணிய பல்லேடியம் கரைப்பான் ஆவியோடும் காற்றோடும் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வெற்றிடத்தை நிறுத்தியவுடன் தண்ணீர் ஊற்றி நனைத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வைத்தோம். நகைப்பட்டறைகளில் கூட்டிப் பெருக்கிய மண்ணையே சேர்த்து வைத்து விற்கிறார்கள். இதுவும் விலையுள்ள உலோகம், சாக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

முதல் கழுவல் குளிர்ந்த 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டு முறை 20 மி.லி. மீந்த போரானிக் அமிலமும் மெத்தாக்சிஃபீனாலும் உப்பாக மாறித் தண்ணீருக்குப் போகும். காரத்தில் எத்தில் அசிட்டேட் மெல்லச் சிதையும் என்பதால் ஐஸில் வைத்த கரைசலை எடுத்துச் சட்டென்று முடிக்க வேண்டும்.

இங்கேதான் வழக்கமான தொல்லை வந்தது. மேலே பழுப்பு, கீழே மங்கல், நடுவில் இரண்டும் இல்லாத நுரைத்த அடுக்கு. அவள் பிரிபுனலை வேகமாகக் குலுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இது எப்ப மேடம் பிரியும்?" விட்டுவிட்டால் மறுநாள் வரைக்கும் பிரியாது. நடுவில் நிற்பது வெறும் நுரை அல்ல. செலைட்டைத் தாண்டி வந்த நுண் பல்லேடியமும், மூன்று மூன்றாகச் சேர்ந்து கரையாமல் நிற்கும் போரானிக் அமிலத் துணுக்குகளும் இரண்டு திரவங்களுக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொண்டு துளிகளை ஒன்றுசேர விடுவதில்லை. உப்புநீர் 15 மி.லி. சேர்த்து, பிரிபுனலைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாய்த் திருப்பித் திருப்பி வைத்ததில் பாதி தெளிந்தது. மீதி நடு அடுக்கை மட்டும் தனியே எடுத்துப் புதிய செலைட்டில் வடித்தால், மறுபக்கம் இரண்டு தெளிவான அடுக்குகள் விழுகின்றன. துணுக்கு போய்விட்டால் சண்டைக்குக் காரணம் இல்லை.

அடுத்ததுதான் முக்கியமான படி. நம் பொருளில் பிரிடின் இருக்கிறது. அதன் இணை அமிலத்தின் பி.கே.ஏ. (அமில வலிமையைச் சொல்லும் எண்) கிட்டத்தட்ட 5. அதாவது 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காட்டினால் உப்பாக மாறித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். பாஸ்பீன் ஆக்சைடு, டைமெத்தாக்சிபைஃபீனைல், அனிசோல் மூன்றும் கரிமக் கரைப்பானிலேயே தங்கிவிடும். 15 மி.லி. வீதம் மூன்று முறை அமிலத்தால் எடுத்தோம். மேல் அடுக்கு கருத்துப்போய் நின்றது. கீழே எலுமிச்சைச் சாற்று நிறத்தில் தெளிவான திரவம்.

"அமிலத்துக்குள்ள நம்ம பொருள் போயிருச்சான்னு எப்படித் தெரியும்? ப்ளேட்ல வச்சா நகரவே இல்ல மேடம்."

உப்பாக இருப்பது தட்டின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், நகராது. சின்னக் குப்பியில் ஒரு துளி அமில அடுக்கை எடுத்து, அமோனியா இரண்டு துளி, எத்தில் அசிட்டேட் நான்கு துளி விட்டு, மேலே நிற்பதைத் தட்டில் வைக்க வேண்டும். வைத்தோம். நடுவில் பளிச்சென்று நம் புள்ளி. கூடவே மங்கலாகப் பாஸ்பீன் ஆக்சைடு.

மங்கலாக இருந்தாலும் அது வந்திருக்கக் கூடாது. எத்தில் அசிட்டேட் தண்ணீரில் கொஞ்சம் கரையும், 100 மி.லி.-க்கு ஏறக்குறைய 8 கிராம். அப்படிக் கரைந்தது பாஸ்பீன் ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அமில அடுக்கை 15 மி.லி. டொலுவீனால் இரண்டு முறை கழுவியதும் மறைந்தது. இந்தக் கழுவலுக்கு டைகுளோரோமீத்தேனை எடுத்தால் பிரிடின் உப்பே அதற்குள் கொஞ்சம் தாவிவிட வாய்ப்புண்டு. டொலுவீனில் அந்த ஆபத்து குறைவு.

பாஸ்பீன் ஆக்சைடை நீக்கத் துத்தநாகக் குளோரைடு வைத்தியம் ஒன்று உண்டு. 2017-இல் வெளியான முறை. எத்தனாலில் கலவையைக் கரைத்துத் துத்தநாகக் குளோரைடு சேர்த்தால் ஆக்சைடு அதோடு பிணைந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அருமையான முறை, நான் வேறு பொருள்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். இங்கே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பிரிடின் நைட்ரஜனும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும், குப்பையோடு சேர்ந்து பொருளும் படியும். ஒரு வைத்தியம் எத்தனை பேர் கைக்கு நன்றாக வந்தது என்பதைவிட, நம் மூலக்கூறில் என்ன தொங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உலோகம்

பிரிடினுக்குத் துத்தநாகத்தைவிடப் பல்லேடியத்தின் மேல் ஆசை அதிகம். இந்தப் பொருள் பழுப்பாக நின்றதற்கும் அதுவே காரணம். பல்லேடியம் குப்பையாகக் கூட வரவில்லை, பொருளோடு கைகோத்து வந்திருக்கிறது. அமிலத்தில் நிற்கும்போது நைட்ரஜனின் கை புரோட்டானால் அடைபட்டிருக்கும், உலோகத்தை விட்டிருக்கும். பிடுங்க அதுவே நேரம்.

அமில அடுக்கில் அரை கிராம் கிளர்வூட்டிய கரி போட்டு அரை மணி நேரம் கலக்கி, செலைட்டில் வடித்தோம். மஞ்சள் நன்றாக வெளுத்தது. கரி பொருளையும் கொஞ்சம் விழுங்கும். கை தாராளமாகப் போனால் விளைச்சல்தான் அடிபடும்.

பிறகு காரமாக்குவது. கார்பனேட் போடலாம், ஆனால் பொங்கும். நான் அமோனியாக் கரைசலைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம்: பல்லேடியம் அமோனியாவோடு சேர்ந்து தண்ணீரில் கரையும் அணைவாகி, கொஞ்சமாவது அங்கேயே தங்கும். கோடையில் அமோனியா பாட்டிலைத் திறக்கும் முன் ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். அறை வெப்பத்தில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைத் திருகியதும் முகத்தில் அடிக்கும். ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

பி.எச். 9-ஐத் தாண்டியதும் பால் நிறத்தில் கலங்கி, எண்ணெய்த் துளிகளாகத் திரண்டது. திண்மமாக விழும் என்று எதிர்பார்த்த மாணவிக்கு ஏமாற்றம். இத்தனை குறைந்த உருகுநிலையுள்ள பொருள், கொஞ்சம் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்தால், இந்த வெயிலில் எண்ணெயாகத்தான் பிரியும். எத்தில் அசிட்டேட்டில் மூன்று முறை எடுத்தோம்.

இங்கே கரைசலை இரண்டாகப் பிரித்தோம், ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு பாதியை அப்படியே உலர்த்தினோம். மறுபாதியை, அமோனியாவால் காரமாக்கிய என்-அசிட்டைல் சிஸ்டீனின் 10 சதவீதக் கரைசலால் இரண்டு முறை கழுவினோம். நெஞ்சுச் சளியை இளக்க மருத்துவர்கள் எழுதித் தருகிறார்களே, அதே மூலக்கூறு. அதன் கந்தகக் கை பல்லேடியத்தைப் பிடிக்கும். அமிலத் தொகுதி உப்பாக இருப்பதால் பிடித்ததைத் தண்ணீருக்கு இழுத்துப் போகும். மாத்திரையை வாங்கிக் கரைக்கலாமா என்று கேட்டாள். மாத்திரையில் புளிப்பும் இனிப்பும் மணமும் சேர்த்திருப்பார்கள், ஒரு குப்பையை எடுக்கப் போய் நாலு குப்பையைச் சேர்த்துக்கொள்வோம். வேதிப்பொருள் கடையிலேயே தூளாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கந்தகம் பதித்த சிலிக்கா என்று இதற்கென்றே விற்பது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் மாணவர் திட்டப்பணியின் பட்ஜெட் தாங்காது.

கழுவிய தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இறங்கியது. நிறமே இல்லை என்று நினைத்த கரைசலிலிருந்து இத்தனை நிறம் வந்ததைப் பார்த்து அவள் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு பாதிகளையும் உலோக அளவு பார்க்க வெளியே அனுப்பினோம். கரி மட்டும் கண்ட பாதியில் 140 பிபிஎம். சிஸ்டீன் கழுவலும் கண்டதில் 12. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

படிகம்

கடைசியாக ஹெக்சேன். பாஸ்பீன் ஆக்சைடு ஹெக்சேனில் அனேகமாகக் கரையாது. நம் பொருள் சூடான ஹெக்சேனில் கரையும். எங்காவது மிச்சம் ஒட்டியிருந்தாலும் இந்தப் படியில் சுவரில் நின்றுவிடும். சூடாக வடித்துத் தெளிவை எடுத்து ஆறவிட்டால் படிகம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும், நம் பொருள் 61-ஐ ஒட்டி உருகிவிடும். ஹெக்சேனைக் குறைத்துப் போட்டு அடர்த்தியாகக் கரைத்தால், ஆறும்போது இன்னும் சூடாக இருக்கையிலேயே பிரியத் தொடங்கி எண்ணெயாக அடியில் இறங்கும்; பிறகு இறுகினாலும் அழுக்கை உள்ளே வைத்தே இறுகும். வழக்கமாகப் 'குறைந்த அளவு சூடான கரைப்பான்' என்று சொல்லிக்கொடுப்போம். இங்கே கொஞ்சம் தாராளம் வேண்டும். மேலும் ஹெக்சேன் விட்டு, வெந்நீர்த் தொட்டியோடு சேர்த்தே மெல்ல ஆறவிட்டு, 40-க்கு இறங்கியதும் முன்னால் சுரண்டி எடுத்து வைத்திருந்த நம் பொருளின் துணுக்கு ஒன்றை உள்ளே போட்டோம். இந்த ஊரில் அறை வெப்பம் என்பதே 38 என்பதால் அதற்குப் பிறகு தானாக ஆறாது. ஐஸ் வாளிக்கு மாற்ற வேண்டும். ஊசி ஊசியாக வளர்ந்தது.

இரண்டு பாதியும் சேர்த்து 1.31 கிராம், 71 சதவீதம். உருகுநிலை 61-இலிருந்து 62, கூர்மையாக. என்.எம்.ஆரில் 8.8-இல் பிரிடினின் தனி ஹைட்ரஜன், 7.5-லும் 7.0-லும் இரண்டிரண்டாக, 3.86-இல் மூன்று. 3.71 காலி. நுண்ணுயிரியல் துறைக்கு முதலில் 12 பிபிஎம் பாதியிலிருந்து மட்டும் அனுப்பினோம். 140 பிபிஎம் பாதியையும் அடையாளம் போட்டுத் தனியாக அனுப்பலாம் என்று அவளே யோசனை சொன்னாள்: வட்டம் இரண்டிலும் ஒரே அளவாக வருகிறதா பார்க்கலாமே என்று. நல்ல யோசனை, அனுப்பியிருக்கிறோம்.

காலம் தேவைப்படவில்லை. பிரிடினோ அமீனோ இல்லாத பொருளாக இருந்தால் அமிலத்தில் இறக்கும் வழி கிடைக்காது. அப்போது ஹெக்சேன் படியும், துத்தநாக வைத்தியமும், அதற்கப்புறம் குட்டையான ஒரு காலமும் என்று போக வேண்டியிருக்கும்.

அடுத்த வினைக்குக் குப்பையை உள்ளே விடாமலே இருக்கப் பார்க்கிறோம். தன்னோடு தானே இணைந்த டைமெத்தாக்சிபைஃபீனைல் வந்தது ஆக்சிஜன் உள்ளே இருந்ததால். ஆகவே டையாக்சேன் தண்ணீர்க் கலவைக்குள் நைட்ரஜனை அரை மணி நேரம் குமிழியிட விட்ட பிறகுதான் வினையூக்கி உள்ளே போக வேண்டும். வினையூக்கி பாட்டிலையும் பார்த்தோம். நல்ல டெட்ராகிஸ் பளிச்சென்ற மஞ்சள். இது ஓரங்களில் பச்சையும் பழுப்புமாக மாறத் தொடங்கியிருந்தது. மின்வெட்டில் குளிர்பெட்டி சூடேறிச் சூடேறி ஆறியதும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று புகுந்ததும் சேர்ந்து செய்த வேலை. இதனால்தான் 3 சதவீதம் போட வேண்டி வந்திருக்கிறது. புதுப் பாட்டில் வந்ததும் ஒரு கிராம் ஒரு கிராமாகச் சின்னக் குப்பிகளில் நைட்ரஜனோடு பிரித்து வைக்கப் போகிறோம்.

அளவு 1 மோல் சதவீதம், 116 மில்லிகிராம். பாஸ்பீன் ஆக்சைடு அதிகபட்சம் 111 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும், பல்லேடியம் 11-க்கு. போரானிக் அமிலத்தை 1.2-இலிருந்து 1.1 மடங்காக்குகிறோம். எடை போட்டு இப்போதே எடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டாள். நைட்ரஜன் சிலிண்டர் வரட்டும், அதுவரை பாட்டிலைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.